எட்டு முழ மீன் தேர்ந்தெடுத்த வாய்க்கால்

ஐஸ் தொழிற்சாலையில் நான் மெக்கானிக்காக இருந்த காலத்தில் எட்டு முழ மீன் ஒன்று வந்து சேர்ந்தது. தலையிலிருந்து உறைய வைத்துக்கொண்டே போனோம். வாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தலை உருகிவிட்டது. மறுபடி தலைக்கு வந்தோம். இப்படியே பதினோரு நாள். ஊரில் எனக்குப் புளுகர் என்று பெயர் வந்தது இந்த மீனால் என்று சிலர் சொல்வார்கள். தவறு. பெயர் அதற்கு நான்கு வருடம் முன்பே வந்துவிட்டது.

அந்தத் தொழிற்சாலையைத்தான் மாதக் கடைசியில் மூடப்போவதாக இருந்தார்கள். பாதி நாள் மின்சாரம் வருவதில்லை, டீசல் ஊற்றி ஓட்டினால் கட்டுப்படியாகவில்லை. மூடினால் நாற்பத்திரண்டு பேர் தெருவுக்கு வருவார்கள். அதில் ஒருவன் என் மகன்.

ஊருக்கென்று ஒரு மின் நிலையம் கட்டித்தர எரிசக்தி நிதியம் தயாராக இருந்தது. குன்றின் மேல் காற்றாலை, கூரைகளில் சூரியத் தகடு, வாய்க்கால் இறக்கத்தில் நீர்ச்சுழலி. மூன்றில் எது என்று ஏழு பேர் கொண்ட குழு சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அதுவரை யாருடைய தொண்டை பெரிதோ அவருடைய கட்சிதான் ஜெயிக்கும். நிதியம் அதற்கு ஒப்பவில்லை. முறைப்படி எடைபோட்டுச் சொல்லுங்கள் என்றது. நகர மன்றத்தில் பொறியாளராக இருக்கும் என் மருமகள் ஒரு படிவத்தோடு வந்தாள்.

நூலகத்தின் மாடி அறை. நீள மேசை, ஆடும் மின்விசிறி, ஏழு பேனா. மருமகள் பலகையில் நான்கு விஷயங்களை எழுதினாள்: வேண்டிய நேரத்தில் மின்சாரம், செலவு, நிலம், சத்தம்.

"ரெண்டு ரெண்டா எடுத்துக்குங்க. செலவு முக்கியமா, சத்தம் முக்கியமா? எத்தனை மடங்கு? ஒண்ணுல இருந்து ஒன்பதுக்குள்ள ஒரு எண். மொத்தம் ஆறே கேள்வி. அவங்கவங்க மனசுல இருக்கறத எழுதுங்க."

"இவ்வளவுதானா?" என்றார் பல் டாக்டர். "நான் பயந்துட்டேன்."

பயந்தது சரிதான். ஆறு பேருடைய விடைகளைக் கணினியில் போட்டதும் மருமகளின் முகம் சுருங்கியது.

"ஆறு பேருக்கும் முரண் எண்ணு எகிறுது. பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும். குறைஞ்சது நாலு பேராவது பாஸாகணும். இல்லேன்னா நம்ம விண்ணப்பத்தப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் திருத்தலாம்." கடிகாரத்தில் மூன்றேகால்.

"முரண்னா என்னம்மா?" என்றார் குழுத் தலைவியான பேக்கரிக்காரம்மா.

"செலவு சத்தத்தவிட பெரிசுன்னு எழுதறீங்க. சத்தம் நிலத்தவிட பெரிசு. அப்புறம் நிலம் செலவவிட பெரிசு. சுத்திச் சுத்தி வருது. ஒருத்தரோட ஒருத்தர் மாறுபடலாம், தப்பில்ல. தன்னோட தானே மாறுபடறதுதான் தப்பு."

"அது யாரு அப்படி எழுதினது?"

"எங்கப்பா" என்றாள்.

அவளுடைய அப்பா, அதாவது என் சம்பந்தி, தையல்காரர். பொய்யே சொல்லாதவர். கல்யாணப் பேச்சின்போது தன் மகளுக்குச் சமையல் வராது என்று எங்களிடம் தானாக வந்து சொன்ன மனிதர். அவருடைய முரண் எண்தான் ஊரிலேயே உச்சம்.

மருமகள் கடைசித் தாளைக் கணினியில் போட்டாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். கணினியை அணைத்து மறுபடி இயக்கினாள்.

"மாமா, உங்களுக்குப் பூஜ்யம்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் சம்பந்தி.

"இல்லப்பா. பூஜ்யம்னா முரணே இல்லேன்னு அர்த்தம். இப்படி யாருக்கும் வராது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"இதுல என்ன இருக்கு? உண்மை பேசறவங்க எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. என் பொழப்பு அப்படியா? மீன் எட்டு முழம்னு ஒரு தடவை சொல்லிட்டா, படகு பதினாறு முழம், தூண்டில் கம்பு நாலு முழம். நாற்பது வருஷமா இது மாறல. அதே மாதிரிதான் இதுவும். முதல்ல நாலுக்கும் தனித்தனியா நீளம் வச்சேன். மின்சாரத்துக்கு எட்டு முழம், செலவுக்கு நாலு, நிலத்துக்கு ரெண்டு, சத்தத்துக்கு ஒண்ணு. அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நீளத்த இன்னொண்ணால வகுத்து எழுதினேன்."

"இப்படி எழுதலாமா?" என்று பேக்கரிக்காரம்மா மருமகளிடம் கேட்டார்.

"தாராளமா. ஆனா மாமாவோட நீளத்தக் காப்பியடிக்கக் கூடாது."

பேனாக்கள் ஓடின. பேக்கரிக்காரம்மாவுக்குச் செலவு ஏழு முழம், பல் டாக்டருக்குச் சத்தமே ஐந்து முழம். நாளெல்லாம் துளைபோடும் மெஷினோடு இருப்பவர். நாலேகாலுக்கு இருவரும் பாஸ். மற்ற மூவர் விடாமல் சண்டைபோட்டு, நீளத்தையும் மாற்றி விடையையும் மாற்றி முன்னைவிட மோசமானார்கள். என்னோடு சேர்த்து மூன்று பேர். நாலாவது ஆள் சம்பந்தி மட்டும்தான்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"எழுதினது எழுதினதுதான். புளுகறவர் முறையில நான் எழுத மாட்டேன்."

"அப்பா, மணி நாலே முக்கால்."

"ஆகட்டும்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சம்பந்தி, ஒரு சட்டைக்கு அளவெடுக்கறீங்க. தோளுக்கு ஒரு டேப்பு, கைக்கு வேற டேப்பு, கழுத்துக்கு இன்னொரு டேப்பா?"

"எவனாவது அப்படிச் செய்வானா?"

"நீங்க செஞ்சிருக்கீங்க. இந்தத் தாள்ல."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மேசையில் நீளமாக விரித்தார். நான்கு விஷயத்துக்கும் அதன்மேல் சாக்குக்கட்டியால் நான்கு கோடு போட்டார். அவசரமேயில்லை, கல்யாணக் கோட்டுக்கு வெட்டுவதுபோல. ஆறு விடைகளையும் புதிதாக எழுதி நீட்டியபோது ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது.

மருமகள் எண்களைத் தட்டினாள். "பாஸ்."

நாலு தாளையும், மூன்று திட்டங்களுக்கும் பொறியாளர்கள் முன்பே போட்டிருந்த மதிப்பெண்களோடு சேர்த்துக் கணினி கூட்டியது. நூற்றுக்கு வாய்க்கால் நாற்பத்தாறு, சூரியன் முப்பத்து மூன்று, காற்று இருபத்தொன்று. எனக்கு உள்ளூரக் காற்றாலைதான் ஆசை. புளுகுவதற்குக் காற்றைப்போல விளையும் நிலம் வேறு இல்லை. ஆனால் வேண்டிய நேரத்து மின்சாரத்துக்கு எட்டு முழம் கொடுத்த என் தாளே என்னைத் தோற்கடித்துவிட்டது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு நிமிடம் மிச்சம்.

நிதியம் அதை அப்படியே ஏற்றது. அந்த ஒப்புதல் சீட்டைக் காட்டித் தொழிற்சாலைக்கு அவகாசம் வாங்கினோம். வாய்க்கால் ஓயாமல் ஓடுகிறது, சுழலியும் ஓடுகிறது, நாற்பத்திரண்டு பேரும் உள்ளே நடுங்கிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். புது மின்சாரத்தில் உறைந்த முதல் ஐஸ்கட்டியை ஊர் நடுவே வைத்தோம். அது உருகுவதற்கு மூன்று வாரம் ஆனது. நம்பாதவர்கள் ஈரம் இருந்த இடத்தைப் பார்க்கலாம்.

போன வாரம் வேறொரு ஊரிலிருந்து ஒரு குழு வந்தது. சம்பந்தி அவர்களிடம் மொத்தக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது முழ மீனுங்க. நானே டேப்பு வச்சு அளந்தேன்."

நான் அவர் தோளைத் தட்டினேன்.

"எட்டு, சம்பந்தி. எட்டுலயே நில்லுங்க. முரண் எண்ணு ஏறிடும்."