பன்னிரண்டு முகாமும் இரண்டு சென்ட் நிலமும்

எங்கள் சேவைக் கழகத்தில் இருபத்தெட்டு உறுப்பினர்கள். இருபத்தேழு பேர் வியாபாரிகள். மீதி ஒருவர் ஆடிட்டர். அவரை ஏன் சேர்த்தோம் என்று விளக்கத் தேவையில்லை. இப்படி ஒரு கூட்டம் சேவை செய்யக் கிளம்பினால் சேவைக்குள்ளும் பேரம் புகுந்துவிடும். எனக்குச் சாக்குக் கடை. பழைய கோணியை முகர்ந்து பார்த்தே அதில் மிளகாய் இருந்ததா மல்லி இருந்ததா என்று சொல்லிவிடும் குடும்பம் எங்களுடையது. கழகத்தின் செயலாளரும் நான்தான். மற்றவர்கள் கையெழுத்தை அவர்களாலேயே படிக்க முடியாது.

எங்களுக்கு வருடம் ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். போன வருடம் ஜூன் கடைசியில் தலைவர் தேர்வு. போட்டி என்று நினைத்துவிட வேண்டாம். யார் தலையில் கட்டலாம் என்றுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பாஸிலா எழுந்தார்.

பூக்கடைச் சந்தில் பூக்கட்டும் நூல், பிளாஸ்டிக் பை, மல்லிகை அனுப்பும் தெர்மாகோல் பெட்டி விற்கிற கடை அவருடையது. கடைக்கு மேலேயே வீடு.

"நான் தலைவரா இருக்கேன். ஆனா வருஷம் முடியும்போது எனக்கு ஒரு வேலை செஞ்சு தரணும். எங்க சந்துல அறுபது பொம்பளைங்க விடிகாலை நாலு மணிக்கு வந்து மதியம் வரைக்கும் பூ பிரிக்கிறாங்க, கட்டுறாங்க. ஒரு கக்கூஸ் கெடையாது. அவங்களுக்கு ஒண்ணு கட்டணும்."

எல்லோரும் கைதட்டினோம். கைதட்டலுக்குச் செலவு கிடையாது.

"கட்டலாம்மா. எங்க கட்டுறது?" என்றார் ஆடிட்டர்.

பாஸிலா அழகுராஜாவைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அழகுராஜா விட்டத்தைப் பார்த்தார்.

அழகுராஜா வெங்காய மண்டி முதலாளி. அவருடைய கொடோனின் பின்பக்கம் பூக்கடைச் சந்தைத் தொட்டுக்கொண்டு இரண்டு சென்ட் நிலம் சும்மா கிடக்கிறது. உடைந்த தள்ளுவண்டி ஒன்று, ஒரு கருவேல மரம், நாலு பூனைகள். அம்புட்டுதான் அங்கே சொத்து.

"அது என் பேரனுக்குக் கடை போட வச்சிருக்கேன்" என்றார்.

பேரனுக்கு அப்போது வயது ஒன்றேகால்.

"அப்பச் சரிண்ணே. தலைவர் பதவிய நீங்களே வச்சுக்கங்க" என்று பாஸிலா உட்கார்ந்துவிட்டார். பேரத்தில் எழுந்து போவது ஒரு கலை என்றால் சரியான நேரத்தில் உட்காருவதும் கலைதான். அழகுராஜா பதறிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை தலைவராக இருந்து, வீட்டில் மாலைகளைக் காயப்போட இடமில்லாமல் அவதிப்பட்ட மனிதர்.

"சரி, பேசி முடிப்போம். துண்டு போடு."

மாட்டுச் சந்தையில் துண்டை மேலே போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பழக்கம் எங்கள் கழகத்திலும் உண்டு. துண்டுக்கடியில் முடிந்த பேச்சை மாற்றுகிறவனோடு மறுநாள் மண்டியில் ஒருத்தரும் விலை பேச மாட்டார்கள். பாஸிலா அழகுராஜாவின் கையைப் பிடிப்பது சரிவராது என்பதால் என் கையை இரவல் கொடுத்தேன். அவர் என் காதில் சொல்ல, நான் அழுத்த வேண்டும். அழகுராஜா என் பத்து விரலையும் இரண்டு தடவை பிடித்து மேலே நாலு விரல் போட்டார். வருடத்தில் இருபத்துநாலு நிகழ்ச்சி. பாஸிலா ஆறு என்றார். விரல் நெரிந்து பன்னிரண்டில் நின்றது. மாதம் ஒரு நிகழ்ச்சி, ஒவ்வொன்றிலும் நூறு பேர் பலன் பெற வேண்டும் அல்லது பங்கெடுக்க வேண்டும். நடத்திக் காட்டினால் இடம் கக்கூஸுக்கு.

"ஒண்ணுல ஒரு ஆள் கொறஞ்சாலும் எடம் எனக்கு. ஆள் எண்ணுறது நான்" என்றார் அழகுராஜா, துண்டை உதறியபடி.

இப்படியாக எங்கள் சேவை ஆண்டு தொடங்கியது.

ஜூலையில் வேடசந்தூர் சாலையில் மரக்கன்று கொடுத்தோம். சும்மா கொடுத்தால் எங்கள் பக்கம் யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். ஒருவர் வேப்பங்கன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "எதுக்குச் சும்மா தாரீங்க? சீக்கு விழுந்த கன்னா?" என்றார். மதியம் வரை முப்பது கன்றுகூடப் போகவில்லை. பாஸிலா ஓர் அட்டையை எடுத்து, 'ஆளுக்கு ஒன்றுதான் தரப்படும், இரண்டு கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதித் தொங்கவிட்டார். பத்து நிமிடத்தில் வரிசை. சிலர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேறு ஆளாக இரண்டாம் முறை வந்தார்கள். அழகுராஜா அவர்களைக் கண்டுபிடித்துக் கழித்தது போக நூற்றுப் பதினாறு.

சித்தையன்கோட்டையில் கண் முகாம். "ஒத்தக் கண்ணுக்கு மட்டும் கண்ணாடி வாங்குனவங்கள அரை ஆளாத்தான் எண்ணுவேன்" என்று அழகுராஜா ஆரம்பிக்க, "ஒத்தக் கண்ணுக்குக் கண்ணாடி எந்தக் கடையில விக்குதுண்ணே?" என்று பாஸிலா கேட்க, அந்த மாதமும் தேறியது.

சிறுமலைக்கு மருத்துவ முகாம் போனதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இருக்கிற ஒன்றிரண்டு பேருந்தை நம்பாமல் மண்டி வேனில் மலையேறினோம். இறங்கியதும் மலைவாழைத் தார்கள் கண்ணில் பட்டுவிட்டன. வந்திருந்த இருபது வியாபாரிகளும் தாரைச் சுற்றி உட்கார்ந்து விலை பேசினார்கள், பேசினார்கள், மூன்று மணி நேரம் பேசினார்கள். டாக்டர் மட்டும் தனியாக நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்து முடித்தார். தார் விற்ற தோட்டக்காரர் கேட்ட விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. மலையில் குளிர் அதிகம். மனிதர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

நூற்பாலைப் பெண்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தப் போனால், ஷிப்ட் முடிந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டுமே. பாஸிலா பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார். வேடசந்தூரிலிருந்து ஊர் ஊராக ஆட்களை இறக்கிக்கொண்டே கட்டுப் போடக் கற்றுக் கொடுத்தார். கட்டுப் போட்டுக் காட்ட ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டதால், நான் கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது தலையிலும் இரண்டு கைகளிலும் கட்டு இருந்தது. டீக்கடையில் எனக்கு உட்கார இடம் கொடுத்தார்கள்.

கோலப்போட்டி, நோன்புக் கஞ்சி, மோர்ப்பந்தல் என்று மே மாதம் முடிய பதினொன்று ஆகிவிட்டது. அழகுராஜா எண்ணுவதைச் சத்தமாக எண்ண ஆரம்பித்திருந்தார். பன்னிரண்டாவது ரத்த தான முகாம். அது அவரே சொன்ன யோசனை. கஞ்சி வாங்க நூறு பேர் வருவார்கள், ஊசிக்கு வருவார்களா என்பது அவர் போட்ட கணக்கு.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபம். காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை. ரத்த வங்கியிலிருந்து வந்த குழுவுக்குத் தலைமை சகாயசெல்வி என்ற நர்ஸ். வெளியூர்க்காரர், சிரிப்பதற்கு முன் யோசிக்கிறவர். எங்கள் உறுப்பினர்களில் சர்க்கரை வியாபாரி ஒருவர். சர்க்கரை உள்ளவர்கள் பதினேழு பேர், என்னையும் சேர்த்து. அழகுராஜா எண்ணிக்கை நோட்டோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் படுத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், ஆட்டோ நிறுத்தத்து ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டரை மணிக்கு எண்பத்தொன்பது.

பாஸிலா கவலைப்படவில்லை. பூக்கடைச் சந்துப் பெண்கள் முப்பத்தொரு பேர் வேலை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி வந்தார்கள், சேலையில் மல்லிகை இதழ் ஒட்டியபடி. முன்னால் வந்தவர் பொன்னழகு. நூலை வைத்தால் விரல் தெரியாத வேகத்தில் பூக்கட்டுகிறவர். வாய் அதைவிட வேகம்.

சகாயசெல்வி நாடி பிடித்தார், விரலில் குத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "ஒங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. காலைலருந்து தண்ணி எவ்வளவு குடிச்சீங்க?"

"தண்ணியா? வீட்டுக்குப் போய்த்தான்."

"எத்தன மணிக்கு வேலைக்கு வந்தீங்க?"

"நாலு மணிக்கு."

"எட்டு மணி நேரமாத் தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சா எங்கிட்டுப் போறது டாக்டரம்மா? ஒங்களுக்குத் தெரிஞ்ச எடம் இருந்தாச் சொல்லுங்க, இப்பவே ரெண்டு சொம்பு குடிக்கிறேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சகாயசெல்வி சிரிக்கவில்லை. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பார்த்துக்கொண்டே போனார். முப்பத்தொரு பேரில் நாலு பேர் மட்டும் தேறினார்கள். தொண்ணூற்றுமூன்று. மணி ஒன்றே கால். பாஸிலா முதல் முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பேருக்காக அந்த இடம் போகப்போகிறதே என்று நானும் வாசலைப் பார்த்தேன்.

"அந்தத் தெருவுல கொஞ்சம் எடங்கூடவா இல்ல?" என்று கேட்டார் சகாயசெல்வி.

"எடம் இருக்கு. அங்க நாலு பூனை குடியிருக்கு. அதுகளுக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் பொன்னழகு.

எண்ணிக்கை நோட்டோடு உட்கார்ந்திருந்த அழகுராஜாவின் பென்சில் நின்றது.

"ஏன் தாயி, நெசமாவே குடிக்கிறதில்லையா? நான் பாஸிலா வீட்டுக்குப் போறீகன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"ஒண்ணு ரெண்டு பேரு போவோம். அறுபது பேரும் மாடியேறுனா அந்தக்கா வீட்டு ஆளுக எங்க போவாக? ஒங்க மண்டிக்கா?"

அழகுராஜா நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். நாற்பது வருடமாக அந்தச் சந்து வழியாகத்தான் மண்டிக்குப் போகிறார். தினமும் சாமிக்குப் பூ வாங்குவது பொன்னழகிடம்தான். அதிலும் முழத்துக்கு இரண்டு விரல் கூடக் கேட்பார். எழுந்து வாசலுக்குப் போய் போனை எடுத்தார். அவர் போனில் பேசினால் போன் தேவையில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏலே ராமரு! லாரிய அப்படியே போடு. அம்புட்டுப் பேரும் மண்டபத்துக்கு வாங்க. ஏன்னு கேக்காத, வாலே!"

அன்று பார்த்து அவர் மண்டிக்கு லோடு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே லோடு இறங்கி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆட்கள் முகாமுக்கு வந்துவிடக் கூடாது என்று வரவழைத்த லோடா என்று நான் கேட்கவில்லை. செயலாளருக்கு எதை எழுதாமல் விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது பேர் வந்தார்கள். ஆளுக்கு ஒரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைக்கிற உடம்பு. உள்ளே ஊசியைப் பார்த்ததும் ஒன்பது பேரும் கதவோரம் ஒட்டிக்கொண்டார்கள்.

"மொதலாளி, நீங்க குடுத்தீங்களா?" என்றார் ராமர்.

"எனக்கு வயசாயிருச்சுலே."

"எத்தன வயசு?" என்றார் சகாயசெல்வி, தலையைத் தூக்காமல்.

"அம்பத்தெட்டு."

"அறுபத்தஞ்சு வரைக்கும் குடுக்கலாம். சுகர், பிரஷர்?"

இந்த இடத்தில் அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் 'எனக்குச் சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல' என்று பத்து வருடமாக எங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் மார்தட்டியவர். இருபது சாட்சிகள் சுற்றி நின்றோம்.

"நீங்க படுத்தா நாங்களும் படுக்கிறோம்" என்றார் ராமர்.

அழகுராஜா பையைப் பார்த்தார். "எம்புட்டு எடுப்பீங்க?"

"முந்நூத்தம்பது மில்லி."

"அதிகம் தாயி. எரநூறுக்கு முடிங்க."

"பை ஒரே அளவுதான் சார்."

"மொத யாவாரம். பாத்துச் செய்யக் கூடாதா? எரநூத்தம்பது."

"முந்நூத்தம்பது."

"கடைசி வெல?"

"முந்நூத்தம்பது."

நாற்பது வருடத்தில் முதல் முறையாக அழகுராஜா சொன்ன விலைக்குச் சம்மதித்துப் படுத்தார். ஊசி ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ராமரும் மற்றவர்களும் வெட்கப்பட்டு அடுத்தடுத்த கட்டில்களில் போய்ப் படுத்தார்கள்.

"ஆட்டாதீங்க. முடியுற வரைக்கும் எந்திரிக்கவே கூடாது" என்றார் சகாயசெல்வி.

அந்த வார்த்தை பாஸிலாவின் காதில் எப்படி விழுந்தது என்பதை நான் பார்த்தேன். அழகுராஜாவை மண்டியில் யாரும் ஜெயித்ததில்லை. காரணம் ஒன்றுதான். விலை கூடினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்துவிடுவார். எதிராளி பின்னால் ஓடி வருவான். இப்போது கையில் குழாய். நடப்பதற்கு வழியில்லை. பாஸிலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, எட்டு ரூம்."

அழகுராஜா ஒரு கண்ணைத் திறந்தார். "என்னது எட்டு?"

"கக்கூஸ். அறுபது பேருக்கு எட்டாவது வேணும்ல?"

"என்னம்மா இது, லாட்ஜா கட்டப்போறே? ரெண்டு போதும், மிச்ச எடம் பேரனுக்கு."

"ஏழு."

"ரெண்டுன்னா ரெண்டு."

"துணி மாத்த ஒரு மறைப்பும் வேணும்ண்ணே" என்றார் பொன்னழகு, கட்டிலின் மறுபக்கம் வந்து நின்று. "கைக்கொழந்தையோட வாரவ பால் குடுக்க ஒரு எடம்."

"நீ எப்பத் தாயி இதுல சேந்தே? சரி, மூணு."

"ஏழுல இருந்து நான் எறங்கவே இல்லையேண்ணே" என்றார் பாஸிலா. "சந்துப் பக்கம் வாசல். மேல தண்ணித்தொட்டி."

"தொட்டியுமா? நாலு ரூம். தொட்டி சின்னதா."

"பேசாதீங்க சார், பிரஷர் ஏறிரும்" என்றார் சகாயசெல்வி.

"பிரஷர் ஏறலம்மா, ரூம்தான் ஏறிக்கிட்டே போகுது! பாஸிலா, இன்னும் கணக்கு முடியல, தெரியும்ல? எத்தன ஆச்சு?"

நான் நோட்டைப் பார்த்தேன். "உங்களையும் சேர்த்துத் தொண்ணூத்தேழுண்ணே. மிச்சப் பேர் இப்பத்தான் படுத்திருக்காங்க."

"ராமரு பயலுக்கு மூணு ஆள் எடை இருக்கு. நூறுன்னே எழுது."

வருடம் முழுக்கத் தலைத்துண்டைப் பார்த்து ஆள் கழித்த மனிதர் சொல்கிறார். எழுதினேன். எப்படியும் பத்து நிமிடத்தில் நூற்றுமூன்று ஆனது.

"அஞ்சு ரூம், பெரிய தொட்டி, மறைப்பு" என்றார் பாஸிலா. "இதுதான் கடைசி."

"சரி, சரி, முடிச்சுக்க."

சகாயசெல்வி ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தார். பொன்னழகு அந்தக் கையை மடக்கிப் பிடித்துவிட்டு, தன் முந்தானையிலிருந்து ஓர் இதழைத் தட்டிவிட்டார்.

"பத்து நிமிஷம் இப்படியே படுத்திருங்க சார். ஒடனே எழுந்தாத் தலை சுத்தும்" என்றார் சகாயசெல்வி.

பாஸிலா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார்.

"எந்திரிக்க விடு தாயி!" என்று அழகுராஜா அலறினார். "தலை சுத்துனாலும் பரவால்ல. இன்னும் பத்து நிமிஷம் இங்க கெடந்தா இந்தப் பொம்பளைங்க கொடோனையே எழுதி வாங்கிருவாங்க!"