மேஸ்திரி வந்தாச்சு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலையாகக் கூரை மடங்கும் காரில் வந்த பெங்களூர்க்காரர், கௌசரின் பாலிஷ் கடை வாசலில் நிறுத்தினார். துணிக்கூரையில் தைத்திருந்த பிளாஸ்டிக் பின்கண்ணாடி கீறல் விழுந்து பால்போல மங்கியிருந்தது.

“எல்லாக் கடையிலும் கையை விரிச்சிட்டாங்க. மேஸ்திரி வராம நீ தொட்டுடாதம்மா.”

கௌசருக்குச் சுருக்கென்றது. “சிப்காட் வேலைய முடிச்சிட்டு வாங்க சார்.”

தூசியைக் கழுவினாள். வாட்டர் பேப்பர் என்கிற நைஸ் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பஞ்சுத்துணியால் பாலிஷ் போட்டாள். சூட்டில் பிளாஸ்டிக் குழையும் என்பதால் பாலிஷ் மெஷினைத் தொடவில்லை. நாலு மணிநேரமும் கைவேலைதான்.

மாலையில் வந்தவர், “மேஸ்திரி வந்தாரா?” என்றார்.

“வண்டிக்குள்ள உக்காந்து, திரும்பிப் பின்னாடி கடை போர்டைப் படிங்க சார்.”

காலையில் அவர் ஏறிட்டும் பார்க்காத போர்டு, கண்ணாடி வழியே பளிச்சென்று தெரிந்தது.

“கௌசர் பாலிஷ் ஒர்க்ஸ். மேஸ்திரி: கௌசர் பேகம்...” குரல் இறங்கியது.

“அந்த மேஸ்திரிதான் சாவி குடுக்கறேன், வாங்கிக்கோங்க.”