பெட்டியின் பின்பக்கம்

"பின்னாடி எடம் வுடுங்க. சூடு வெளிய போவலன்னா பெட்டி நின்னுடும்" என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் சத்தம் போட்டான். சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்த பெட்டியை நாலு பேர் கைவைத்து முன்னால் இழுத்தார்கள். கண்ணாடிக்குள் தெய்வசிகாமணியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஜெயசுதா சட்டென்று கையை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது. இனி அப்பாவைத் தொட முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முந்தின நாள் சாயங்காலம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தார். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திருப்பூரிலிருந்து தம்பி அஜித் வந்து சேர்ந்ததும் எடுப்பதாகப் பேச்சு. அதுவரை வருகிறவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும், கட்டிக்கொண்டு அழுகிறவர்களோடு அழ வேண்டும், டீக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஜெயசுதாவுக்கு அழுகையைவிட அசதிதான் அதிகமாக இருந்தது.

இடுப்பில் செருகியிருந்த அப்பாவின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அதத் தூக்கிக் கெணத்துல போடு" என்றாள் அம்மா பெரியநாயகி. பெட்டியின் பின்பக்கம் அடித்த அனல் தாங்காமல் இப்போதுதான் தலைமாட்டுக்கு நகர்ந்து வந்திருந்தாள். "அதுதான் எமன். ராவும் பகலும் அந்த அறிவுச்செல்வனோட மல்லுக்கு நின்னுக்கினு, பிரஷர் மாத்திரகூட போடாம... அவன் மட்டும் இங்க வரட்டும், வெளக்கமாறு பிஞ்சிடும்."

"யாரு அண்ணி அவன்? வரப்புத் தகராறா?" என்று கேட்டாள் செவ்வந்தி அத்தை.

"வரப்பா இருந்தா அளந்து முடிச்சிருக்கலாமே. உலகம் சூடாவுதாம், அதுல தகராறு."

'வானமும் பூமியும்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கல்வராயன் மலையில் மழை ஏன் தள்ளிப்போகிறது, நிலாவுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம் அப்பா எழுதுவார். அதில் பாதி தப்பு என்று, பன்னிரண்டாவது வரை இயற்பியல் படித்த ஜெயசுதாவுக்கே தெரியும். கடைசியாக நடந்தது ஏசிச் சண்டை. வீட்டுக்கு வீடு ஏசி போட்டால் உலகம் தானாகக் குளிர்ந்துவிடும் என்று எழுதினார், திருக்கோவிலூரில் நோட்டுப்புத்தகக் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வன். உள்ளே குளிர்ந்தால் அந்தச் சூடு வெளியேதானே போகும் என்பது அப்பாவின் கட்சி. வாரக்கணக்கில் இரண்டு பேரும் விடவில்லை.

ஒருநாள் அப்பா ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திவைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். "இப்டி வா. இங்க கைய வச்சிப் பாத்து, சூடா இருக்குதா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லு. சாட்சிக்கு அனுப்பணும்." போனை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

"எனுக்கு வேல கெடக்குது" என்று அம்மா அரிசி களையப் போய்விட்டாள். அப்பா ஃபிரிட்ஜைத் தனியாகவே தள்ளி ஒட்டிவைத்தார்.

இன்று காலை சொந்தக்காரர்களின் நம்பரைத் தேடிப் போனைத் திறந்தபோது, அறிவுச்செல்வனின் செய்திதான் ஜெயசுதாவின் கண்ணில் முதலில் பட்டது. 'ஐயா, நேற்றிலிருந்து சத்தமே இல்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களா?' கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. 'அப்பா நேற்று தவறிவிட்டார். கச்சிராயபாளையம் வீட்டிலிருந்து இன்று மாலை எடுக்கிறோம்' என்று அடித்து அனுப்பினாள். பிறகு பார்த்தபோது அவர் தன் செய்தியை அழித்திருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள்.

வெயில் தாழ, மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம், மாலையோடு ஒருவர் பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒல்லியான ஆள். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெயசுதா எழுந்து போனாள்.

"ஐயாவோட பொண்ணுங்களா? நான் திருக்கோவிலூருங்க." குரலைத் தாழ்த்தினார். "அறிவுச்செல்வன்."

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். காலையில் அந்தச் சிரித்த முகங்களைப் பார்த்தபோது, இந்த ஆளை அம்மா முன்னால் நிறுத்த வேண்டும் என்று பல்லைக் கடித்தவள்தான்.

"தெரியாமப் போட்டுட்டம்மா" என்றார். மாலையிலிருந்து தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டியது. "திரும்பிப் போயிடுன்னாலும் போயிடறன்."

"பஸ்ஸுலயா வந்தீங்க?"

"ஆமாங்க. கள்ளக்குறிச்சி வந்து மாறி."

ஜெயசுதாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "உள்ள வாங்க. பேர மட்டும் சொல்லிக்காதீங்க."

முன்பக்கமும் பக்கவாட்டிலும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் பின்பக்கம்தான் காலியாகக் கிடந்தது. அவர் சுற்றிக்கொண்டு அங்கே போனார். கண்ணாடிமேல் மாலையை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா தலைநிமிர்ந்தாள். "யாரு சுதா?"

"அப்பாவோட சிநேகிதரும்மா. வெளியூரு."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அங்க நிக்காதீங்க" என்றாள்.

ஜெயசுதாவின் கை போனை இறுக்கிப் பிடித்தது.

"பின்னாடி சூடா அடிக்கும். காலைல நானே அங்க ஒக்காந்து வெந்துட்டன். உள்ள அவரு ஜில்லுனு படுத்துக்கினு இருக்காரு, அந்தச் சூடெல்லாம் நம்ம மேலதான். இப்டி முன்னாடி வாங்க."

அறிவுச்செல்வன் மெல்லக் குனிந்தார். பெட்டிக்கு அடியிலிருந்த கம்பி வலைக்கு நேராக உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஆமாங்க" என்றார், கண்ணாடியைப் பார்த்து. "சூடாத்தான் அடிக்குது."

யாரோ முன்பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தெருமுனையில் அஜித் வந்த வண்டியின் ஹாரன் கேட்டது. பெண்கள் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள், மேளம் தொடங்கியது. நாற்காலி காலியாகவே இருந்தது. அவர் பெட்டியின் பின்பக்கம் நின்ற இடத்திலேயே நின்றார். மாலைத் தண்ணீரில் நனைந்திருந்த வேட்டியின் ஓரம் அந்தக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது.