பீட் வயலில் கிடைத்த மோதிரம்

ஜானிஸுக்குப் பொய் பிடிக்காது. அதிலும் ஒரு பொருள் எங்கே கிடைத்தது என்பதில் யாராவது பொய் சொன்னால் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்டவள். சனி ஞாயிறு வந்தால் போதும், மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் தரையைத் தடவிக்கொண்டு திரிவாள். கிடைத்தது நசுங்கிப்போன பித்தளைப் பொத்தானாகவே இருக்கட்டும், அதைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த வயல், எந்த மூலை, எத்தனை அங்குல ஆழம் என்று எழுதி ஒட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவளைப் போல டிடெக்டர் வைத்துத் தேடுகிறவர்களின் சங்கத்தில் கெவின் என்று ஒருவன் இருந்தான். ஒருத்தர் வயலில் எடுத்த பழைய வெள்ளிக் காசுகளை இன்னொருத்தர் வயலில் எடுத்ததாகச் சொல்லிவிட்டான். இடம் தெரியாத காசு வெறும் தகரம், இடத்தை மாற்றிச் சொல்கிறவன் அந்தத் தகரத்தைவிட மட்டம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லி, அவனைச் சங்கத்தை விட்டே துரத்தியது யார் என்கிறீர்கள்? நம்ம ஜானிஸ்தான். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவளைக் கண்டால் கெவின் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

அப்பேர்ப்பட்டவள்தான் போன அக்டோபரில் கிளிஃபர்ட் லார்ட்டர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

கிளிஃபர்ட் எண்பது வயசு விவசாயி. டிடெக்டரோடு வருகிறவர்களை வாசலிலேயே விரட்டுகிற ஆள். ஜானிஸை மட்டும் பதினோரு வருஷமாகத் தன் வயல்களில் விட்டிருந்தார். ஒரு குழியைக்கூட மூடாமல் அவள் போனதில்லை என்பதுதான் காரணம். இரண்டு வருஷமாக அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் மட்டும் நிழல் மாதிரி ஏதோ தெரியும். பிள்ளை குட்டியும் இல்லை. வேறு வழியில்லாமல் நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டு, அடுத்து வந்த வியாழக்கிழமை டீரம் நகரத்தில் படியேற வேண்டாத ஒரு சின்ன வீட்டுக்கு மனைவியோடு குடிபோவதாக இருந்தார்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் ஜானிஸைக் கூப்பிட்டனுப்பினார். "பெரிலுக்கு நான் போட்ட கல்யாண மோதிரம் நாப்பது வருஷமா இந்த மண்ணுல கெடக்குது. அதை எடுத்து அவ விரல்ல போடாம நான் எப்படிம்மா இங்கேருந்து கெளம்பறது?" என்றார்.

அடுப்பருகே நின்றிருந்த பெரில், கிழவனுக்கு வேறு வேலை இல்லை, அந்தப் பேச்சை விடு என்றாள். எங்கே தொலைந்தது என்று ஜானிஸ் கேட்டதற்கு, மேட்டு பீட் வயலில்தான் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கெட்டிலைத் தூக்கினாள். மீதியைக் கிளிஃபர்ட்தான் சொன்னார். நவம்பர் மாசம், சர்க்கரை ஆலைக்கு அனுப்ப பீட் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த நேரம், குளிரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவி விழுந்துவிட்டது என்று பெரில் சொன்னாளாம். அந்தக் குளிர்காலம் பூராவும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், சமையலறைச் சல்லடையை எடுத்துக்கொண்டு போய் அந்த வயலில் மண்டி போட்டு மண்ணைச் சலித்தாராம். மார்ச் மாசம் அடுத்த விதைப்பு வரைக்கும் விடவில்லை. கிளிஃபர்ட் தேவாலயத்தில் மண்டி போட வெட்கப்பட்டுக்கொண்டு வயலில் போடுகிறான் என்று ஊரே சிரித்ததாம்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. வேலை முடிஞ்சுதுன்னு அந்த மெஷினை வயல்லயே அணைச்சிடாதே. காருக்குப் போற வரைக்கும் ஓடட்டும்," என்றார் கடைசியாக.

ஜானிஸுக்குச் சிரிப்பு வந்தது. இதை அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காமல், காருக்குத் திரும்பி நடக்கும்போது காலடியில் நல்லது ஒன்று கிடைத்த கதை அவர்கள் சங்கத்தில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள்.

மெல்லிய தங்க மோதிரத்தைத் தேடுவது இருக்கிறதே, அது ஒரு தலைவலி. டிடெக்டரின் காதுக்கு அதுவும் ஒன்றுதான், பீர் டப்பாவைத் திறந்து எறிகிற அந்த வளையமும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே சத்தம். மற்ற நாளில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் குனிய மாட்டார்கள். ஜானிஸ் மூன்று வாரமும் குனிந்தாள். அந்த வருஷம் பார்லி அறுத்துச் சும்மா கிடந்த மேட்டு பீட் வயலைப் பாய் முடைகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். ஒரு வாளி நிறைய டப்பா வளையமும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும், தலையில்லாத ஈயச் சிப்பாய்ப் பொம்மை ஒன்றும் கிடைத்தன. மோதிரம் மட்டும் இல்லை.

கடைசிச் சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை கட்டிக்கொண்டு வந்தது. போதும் என்று கிளம்பினாள். ஏலத்துக்கு எடுத்து வைத்த கலப்பையும் தொட்டியும் களத்தை அடைத்துக் கிடந்ததால், காரைத் தார்ரோட்டில், பள்ளத்துப் புல்வெளியின் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தாள். பீட் வயலிலிருந்து அரை மைல் இறக்கம். மனசே இல்லாமல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டு நடந்தாள்.

கேட்டுக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது அதே டப்பா வளையச் சத்தம். கேட் ஓரத்தில் டப்பா எறியாதவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தாண்டித்தான் போனாள். மூன்று வாரத்துப் பழக்கம் விடுமா? திரும்பி வந்து மண்டி போட்டாள். புல்லை மூன்று பக்கம் வெட்டி மடித்துத் திருப்பினாள். ஐந்து அங்குலத்தில், பசை மாதிரி ஒட்டும் நீலக் களிமண்ணுக்குள் மஞ்சளாக ஒன்று தெரிந்தது.

தங்கம்தான். உள்பக்கத்தில் எழுத்து தெரிகிற அளவுக்கு மட்டும் நகத்தால் களிமண்ணைத் தள்ளினாள். சி, பி, அப்புறம் 14.5.66. மீதி மண்ணை அவள் தொடவில்லை. வயலில் எதையும் துடைக்கக் கூடாது, தேய்த்தால் கீறிவிடும் என்பது அவர்களுடைய முதல் பாடம்.

சந்தோஷத்தில் எழுந்து கிளிஃபர்ட் வீட்டைப் பார்த்து நாலு எட்டு ஓடினவள் அப்படியே நின்றாள். பீட் வயல் மேலே இருக்கிறது. மோதிரம் கீழே கிடக்கிறது. மோதிரத்துக்கு என்ன கால் முளைத்ததா? இது காலம்காலமாக மாடு மேய்கிற புல்வெளி, இங்கே யாரும் கலப்பை வைத்ததே இல்லை. இங்கே கிடந்தது என்றால் இங்கேயே விழுந்தது என்றுதான் அர்த்தம்.

அப்போதுதான் வரப்பில் பெரில் நிற்பதைப் பார்த்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று ஜானிஸுக்காக முட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெட்டிக் கிடந்த குழியையும், ஜானிஸின் கையையும் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கெடைச்சிடுச்சா?" என்றாள். ஜானிஸ் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். பெரில் முட்டை டப்பாவைப் புல்லில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பா யார்மத் நகரத்தில் செத்துப்போனார். அடக்கத்துக்குக் கிளம்பும்போது, ஆலை லாரி வருகிற நாள், பீட்டைப் போட்டுவிட்டு எப்படி வருவது, நீ பஸ்ஸில் போய் வா என்று கிளிஃபர்ட் சொல்லிவிட்டார். தனியாகப் போய்த் தனியாக அடக்கம் செய்துவிட்டு, இருட்டுகிற நேரம் இந்த கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அப்போது பஸ் இங்கேதான் நிற்கும். மேட்டில் அவருடைய டிராக்டர் விளக்கு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மோதிரத்தைக் கழற்றி கேட்டுக்கு மேலாக வீசினாள். வீட்டுக்குப் போய் ராச்சாப்பாடு எடுத்து வைத்தாள். மறுநாள் பீட் வயலில் விழுந்துவிட்டது என்று சொன்னாள். பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, எப்போது கிளம்பலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பனுக்கு அரை நாள் தராத மனுஷன் அந்த மோதிரத்துக்கு நாலு மாசம் மண்ணுல மண்டி போட்டான் ஜானிஸ். ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். பொட்டியைப் பிரிச்சதே அதைப் பாத்துத்தான். இப்ப போயி, நீ தேடினது அத்தனையும் வீண், அது அங்க இல்லவே இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்? கண்ணும் போயிடுச்சு, நிலமும் போயிடுச்சு. அது ஒண்ணுதான் மிச்சம் அவனுக்கு. பீட் வயல்ல கெடைச்சுதுன்னு சொல்லிடு."

ஜானிஸ் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு பொத்தானுக்குக்கூட இடம் மாற்றிச் சொன்னதில்லை. இரண்டு பேரும் மேடேறி வீட்டுக்கு வந்தார்கள்.

சமையலறை முழுக்க அட்டைப்பெட்டி. நடுவில் மேஜையருகே கிளிஃபர்ட் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். பெரில் நேராகப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ஜானிஸ் மோதிரத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்கம்மா கெடைச்சுது?"

"பீட் வயல்லதான். ஓக் மரத்துக்கு வடக்கே," என்றாள் ஜானிஸ். பொய் சொல்லப் பழகாதவள் பொய் சொன்னால் இப்படித்தான், கேட்காத மரத்தையும் திசையையும் சேர்த்துச் சொல்லுவாள்.

அவர் மோதிரத்தை விரல்களுக்கு நடுவே உருட்டினார். கட்டைவிரல் உள்பக்கம் போய் நின்றது. அங்கே அப்பியிருந்ததை நோண்டி எடுத்து, இரண்டு விரலால் நசுக்கி, இழுத்துப் பார்த்தார். அது கம்பியாக நீண்டது.

ஜானிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. மேட்டு வயல் மண் மணலும் பருக்கைக் கல்லுமாகக் கையில் நிற்காமல் உதிர்கிற மண். இதுவோ பள்ளத்துக் களி. அறுபது வருஷம் இந்த மண்ணில் கிடந்த விவசாயிக்கு அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா என்ன? துடைக்காமல் கொண்டுவந்து அவர் கையிலேயே வைத்திருக்கிறாள். பதினோரு வருஷத்து நல்ல பழக்கம் கழுத்தை அறுத்துவிட்டது. பெரில் குவளையை நிரப்பவும் இல்லை, குழாயை மூடவும் இல்லை.

"ஆமா, பீட் வயல் மண்ணுதான். இது எனக்குத் தெரியாதா?" என்றார் கிளிஃபர்ட், பெரிலுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. சொல்லிவிட்டு மோதிரத்தை ஆறின டீக்குள் முக்கி, ஒரு துளி களிமண் இல்லாமல் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சட்டை நுனியால் துடைத்தார். "இங்க வாடி கிழவி," என்றார்.

பெரிலின் மோதிர விரல் முட்டு வீங்கியிருந்ததால் ஏறவில்லை. சுண்டுவிரலில் போட்டுவிட்டார். அவள் அவருடைய தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இதுக்குப் போய் அழுவாங்களா, டீ போடு என்று அவர் அதட்டினார். ஜானிஸ் டீக்கு நிற்கவில்லை.

களத்து வாசல் வரைக்கும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிளிஃபர்ட் கூடவே வந்தார். வீட்டுக்குள் கேட்காத தூரம் வந்ததும் நின்றார்.

"பள்ளத்து கேட் பக்கத்துலயா?"

ஜானிஸ் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார். பஸ்ஸை விட்டு இறங்கினதுமே எறிந்திருக்கிறாள், வீடு வரைக்கும்கூடக் கொண்டுவரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று ராத்திரி அவள் ரொட்டி அறுக்கும்போதே விரலில் மோதிரம் இல்லாததைப் பார்த்தாராம். மறுநாள் பீட் வயலில் விழுந்தது என்றாள். முந்தின நாள் பூராவும் அவள் அந்த வயல் பக்கமே வரவில்லை, அவர்தானே அங்கே இருந்தார்? எறிந்துவிட்டாள் என்று தெரியும், எங்கே என்றுதான் தெரியாது. மெஷினை அணைக்காதே என்று சொன்னது அதற்குத்தான்.

"அது அங்க இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேயா நாலு மாசம் தேடினீங்க?" என்றாள் ஜானிஸ்.

"யாரு தேடினா?" என்றார் கிளிஃபர்ட். "எனக்கு மன்னிப்புக் கேக்க வாய் வராதும்மா. எங்கப்பனுக்கும் வராது. எங்கயாவது மண்டி போட்டாகணும். அவ கையைக் காட்டின எடத்துல போட்டேன்."

அவளிடம் சொல்லிவிடாதே என்றார். அதைத்தான் அந்த அம்மாளும் கேட்டாள் என்று சொல்ல ஜானிஸுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கேட்டருகே வந்தபோது, வெட்டின குழி அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் மூடாமல் விட்டுப்போன ஒரே குழி. மண்ணைத் தள்ளி, மடித்த புல்லைத் திருப்பி வைத்து, பூட்ஸ் காலால் ஓரமெல்லாம் மிதித்தாள். யாரும் கை வைத்த இடம் என்று சொல்ல முடியாதபடி ஆகும் வரைக்கும் மழையில் நின்று மிதித்தாள். காருக்குள் ஏறி, ஈரக் கையோடு நோட்டை எடுத்து எழுதினாள்: தங்க மோதிரம் ஒன்று, மேட்டு பீட் வயல், ஓக் மரத்துக்கு வடக்கே, ஐந்து அங்குலம்.

அடுத்த வாரம் கடைத்தெருவில் கெவின் எதிரே வந்தான். அன்றைக்கு எதிர்ப்பக்கம் போனது ஜானிஸ்தான்.