அரைச் செங்கல்

பத்தொன்பதாம் எண் லென்ஸில் எடுத்த நெகட்டிவை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிக் குனிந்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. படத்திலிருந்த சுவரின் இடது பக்கத்துச் செங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல இருந்தது. வலது பக்கத்துச் செங்கற்களோ தண்ணீரில் ஊறிய காகிதம் மாதிரி ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. உள்ளே இருக்கும் ஆறு கண்ணாடிகளில் ஏதோ ஒன்றின் ஓரம் மயிரிழை தடித்துவிட்டது. லென்ஸைக் கழற்றி மாட்டி இன்னும் இரண்டு படம் எடுத்துப் பார்த்தாள். அவற்றிலும் அதே கதைதான்.

மரச்சட்டமும் துருத்தியும் கறுப்புத் துணியுமாக இருக்கும் பெரிய ஃபிலிம் கேமராக்களுக்கு லென்ஸ் செய்கிற பட்டறை அது. அப்பாவுக்குப் பின் தம்பி முதலாளி, அவள் பரிசோதகர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அறுபதே அறுபது லென்ஸ் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் தம்பி, கடையில் வாங்கிய தோல் ஏப்ரன் ஒன்றைக் கட்டிக்கொண்டு வீடியோவில் தோன்றி, இதுதான் கடைசி, இனி வராது என்று தொண்டை கம்மச் சொல்வான். இது நான்காவது கடைசி. அந்த ஏப்ரனில் இன்றுவரை ஒரு சொட்டு எண்ணெய் பட்டதில்லை.

வாங்குகிறவர்களைப் பற்றி அவளிடம் கேட்காமலிருப்பது நல்லது. ஒருவருக்கு ஏழாம் எண்தான் வேண்டுமாம், அவர் கார் எண்ணிலும் ஏழு இருக்கிறதாம். இன்னொருவர் கல்யாணத் தேதியின் எண்ணைக் கேட்டு வாங்கினார். இரண்டு வருடம் கழித்து, விவாகரத்து ஆகிவிட்டது, எண்ணை மாற்றித் தர முடியுமா என்று எழுதினார். பெரும்பாலானவர்கள் லென்ஸைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கைபேசியில் ஒரு படம் எடுத்து உலகத்துக்குக் காட்டிவிட்டு அலமாரியில் பூட்டிவிடுவார்கள். படம் எடுக்கிற கண்ணாடியைப் படம் எடுக்கிற ஜென்மங்கள் என்று அவள் சொல்வாள். அவர்களுக்காகவா இருபத்திரண்டு வருடமாக ஒரு கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இமையோரத்தில் விசிறி மடிப்பு விழுந்தது என்று நினைக்கும்போது அவளுக்கு எரிச்சலாக வரும்.

எல்லோரிலும் பெரிய ஜென்மம் பெட்டிக்காரர்தான். அவர் ஒரு பல் டாக்டர். அப்பா காலத்திலிருந்தே, பதினொரு வருடமாக ஒவ்வொரு முறையும் அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு லென்ஸ் வாங்குகிறார். ஒருமுறை அவருக்குப் போன பெட்டி ஒன்று மூலை நசுங்கித் திரும்பி வந்தது. உள்ளே லென்ஸுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற கவலை ஒரு வரிகூட இல்லை. அட்டைப் பெட்டியை மட்டும் மாற்றித் தரும்படி எழுதியிருந்தார். முத்திரைத் தாள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அன்றைக்கு வைத்த பெயர்தான் பெட்டிக்காரர்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் உருப்பெருக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் வெளிறினான். அந்தக் கண்ணாடி ஒரே தடவை உருக்கி வார்த்தது, இன்னொன்று தேய்க்கத் துண்டுகூட மிச்சமில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, ஒருத்தருக்கு மட்டும் எழுதிடறேன். ஒண்ணு பழுதாயிடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு."

"அறுபதுன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டு இப்ப அம்பத்தொம்பதுன்னு சொல்லப்போறியா? பத்தொம்பது யாருக்கு?"

"பல் டாக்டருக்கு. பதினெட்டும் பத்தொம்பதும் அவருக்குத்தான்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்புறம் ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே. அந்த மனுஷனுக்குக் கூழாங்கல்லைக் கட்டிக் கொடுத்தாலும் தெரியாது."

தம்பி தயங்கினான். அவன் தயங்கியது அவளுக்கு இன்னும் இளக்காரமாக இருந்தது. வாய் கூசாமல் நான்கு கடைசி சொன்னவனுக்கு இப்போது என்ன வந்தது?

ஒவ்வொரு லென்ஸையும் அவள் ஜன்னலோரம் கேமராவில் மாட்டி, எதிரே இருக்கும் கிடங்கின் செங்கல் சுவரைப் படம் எடுப்பாள். அடுத்தடுத்த நொடியில் இரண்டு படம். ஒன்று பட்டறையின் இழுப்பறைக்கு, மற்றொன்று வாங்குகிறவருக்கு. அவருக்குரிய நெகட்டிவை ஓர் உறையில் போட்டு, தேதி, நேரம், எண் எழுதிக் கையெழுத்திட்டு, பெட்டிக்கு வெளியே ஒட்டிவிடுவாள். முத்திரையைக் கிழிக்காமலே பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா காலத்திலேயே வந்த ஏற்பாடு. யாரும் பார்ப்பதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

இழுப்பறைக்கு உரிய பதினெட்டாம் எண் நெகட்டிவை எடுத்துப் பத்தொன்பதின் உறையில் போட்டாள். ஒரு லென்ஸைக் கழற்றி அடுத்ததை மாட்டி நேர்ப்படுத்த இருபது நிமிடம் ஆகும். அதனால் பதினெட்டுக்குப் பதினொன்று என்று எழுதியவள் இதற்குப் பதினொன்று இருபது என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். பத்தொன்பதில் முதலில் எடுத்த உண்மையான நெகட்டிவை மட்டும் ஏனோ கிழித்துப் போடாமல், இழுப்பறையின் அடியில் செருகி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் பெட்டிக்காரர் நேரிலேயே வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். மிதியடியில் இரண்டு முறை காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் கனமான ஆல்பம் ஒன்று. தம்பி அவசரமாக ஏப்ரனைத் தேடிக் கட்டிக்கொண்டு வந்தான்.

"கையெழுத்துப் போடறது நீங்கதானாம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

ஆல்பத்தை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு லென்ஸ் படம்கூட இல்லை. பக்கத்துக்கு இரண்டு வீதம், கண்ணாடித்தாள் உறைக்குள் அவளுடைய நெகட்டிவ்கள் இருந்தன. பதினொரு வருடத்துச் செங்கல் சுவர்.

"எனக்குப் படம் எடுக்க வராதும்மா. ரெண்டு தடவை முயற்சி பண்ணி விட்டுட்டேன். ஆனா பார்க்கப் பிடிக்கும். பல்லைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணு." சட்டைப்பையிலிருந்து சின்ன உருப்பெருக்கி ஒன்றை எடுத்தார். "இதோ, இந்த வருஷம் மேல் வரிசையில ஒரு கல்லு விழுந்திருக்கு. அடுத்த தடவை சிமென்ட் வெச்சுப் பூசியிருக்காங்க. இங்க ஒரு செடி முளைச்சது. அப்புறம் யாரோ பிடுங்கிட்டாங்க. எனக்கு ரொம்ப வருத்தமாயிடுச்சு."

அந்தச் செடியைப் பிடுங்கச் சொல்லி கிடங்குக்காரனிடம் சண்டை போட்டவளே அவள்தான், இலை ஆடிப் படம் கெடுகிறது என்று. அதற்காக ஓர் ஆள் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து வருத்தப்பட்டிருப்பான் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. 

"ஏன் ரெண்டு ரெண்டா வாங்கறேன்னு நெனச்சிருப்பீங்க. இந்த நிழலுக்காகத்தான்." சுவரில் இறங்கும் மழைநீர்க் குழாயையும் அதன் நிழலையும் விரல் நுனியால் காட்டினார். "ஒரு லென்ஸுக்கும் அடுத்ததுக்கும் இருபது நிமிஷம். அதுக்குள்ள நிழல் அரைச் செங்கல் நகர்ந்துடும். எல்லா ஜோடியிலும் அப்படித்தான். நீங்க வேலை செஞ்ச நேரம் அதுல இருக்கும்மா."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பதினெட்டும் பத்தொன்பதும்.

"இதுல மட்டும் நகரலை. ராத்திரி தூக்கமே வரலை எனக்கு." அவர் குரலில் துளிகூடச் சந்தேகம் இல்லை. தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்பது போல, கூச்சத்தோடு கேட்டார். "அன்னிக்கு உங்க கடிகாரம் நின்னுபோச்சாம்மா? நேரத்தை உத்தேசமா எழுதினீங்களா?"

"ஆமா சார்," என்றான் தம்பி, மூச்சு விடுவதற்குள். "கடிகாரம்தான். பேட்டரி தீர்ந்துபோச்சு. அன்னிக்கு எல்லாமே குளறுபடி."

"அதானே," என்றார் பெட்டிக்காரர். பெரிய பாரம் இறங்கிய மாதிரி முகம் தெளிந்துவிட்டது. பென்சில் எடுத்து, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். கடிகாரம் நின்ற நாள்.

அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் போட்ட கையெழுத்தை நம்பிய ஒரே ஆள் இவர், ஏமாற்றத் தோதான ஆள் என்று அவள் தேர்ந்தெடுத்ததும் இவரைத்தான். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் வெளியே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்ற ஐம்பத்தொன்பது பெட்டியில் இருக்கும் கையெழுத்தும் வெறும் கிறுக்கலாகிவிடும். தம்பியின் ஐந்தாவது கடைசி வரவே வராது. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. பொய் அந்த ஆல்பத்தில் பென்சிலால் பத்திரமாக இருக்கும். தம்பி அவள் கண்ணைத் தேடித் தேடிப் பார்த்தான். அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவனுக்கும் மேலாகத் தன்னை நினைத்தால் சகிக்கவில்லை.

இழுப்பறையைத் திறந்து அடியில் கைவிட்டாள்.

"அக்கா," என்றான் தம்பி மெல்ல.

வெளிச்சப் பெட்டியின் விளக்கைப் போட்டு அந்த நெகட்டிவை அதன்மேல் வைத்தாள். "இதுதான் சார் பத்தொம்பது," என்றாள்.

அவர் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார். பிறகு உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தார். முதலில் குழாயைத்தான் தேடினார். இடது பக்கம், நிழலின் ஓரத்தைத் தொட்டு உருப்பெருக்கி நின்றது.

"நகர்ந்திருக்கு," என்றார். "அரைச் செங்கல். கரெக்டா நகர்ந்திருக்கும்மா." சந்தோஷத்தில் அவருடைய காது நுனி சிவந்துவிட்டது.

 உருப்பெருக்கி அந்த வரிசையிலேயே, ஒவ்வொரு செங்கல்லாக, கலங்கிக் கிடந்த வலது பக்கம் போக ஆரம்பித்தது.