உரசி அழித்த நான்கு எண்கள்

காலை ஒன்பது மணிக்கு சைக்கிள் கடையின் ஷட்டரை ஏற்றியதும் ஸ்போக்கு முதலில் செய்வது காற்றடிக்கும் மோட்டாரைப் போடுவதுதான். அன்றைக்கு மோட்டார் பக்கமே போகவில்லை. பின்பக்க அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உப்புத்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு டயர்களை உரசிக்கொண்டிருந்தான். டயரின் பக்கவாட்டில், எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு அருகில், பொடிப்பொடியாக நான்கு எண்கள் இருந்தன. முதல் இரண்டு, டயர் தயாரான வாரம். அடுத்த இரண்டு, வருடம். அந்த வருடம் கழிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

எண்கள் மறைந்ததும் துணியில் பாலீஷைத் தொட்டுத் துடைத்தான். வறண்ட உதடு போல வெடித்துக் கிடந்த ரப்பர் கருகருவென்று மின்னியது.

ஸ்போக்கு என்பது அவனுடைய பெயர் இல்லை. இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது சக்கரக் கம்பி மாதிரி ஒல்லியாக இருந்ததால் முதலாளி வைத்த பட்டம். இப்போது நாற்பத்திரண்டு வயதாகி லேசாகத் தொந்தியும் போட்டுவிட்டது. பட்டம் மட்டும் இளைக்காமல் அப்படியே நின்றுவிட்டது.

மூடிப்போன ஒரு கம்பெனியின் தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்துகொண்டிருந்த அந்த டயர்களை முதலாளி அள்ளிக்கொண்டு வந்திருந்தார். ஸ்போக்கு ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தான். நகம்தான் வளைந்தது.

"முதலாளி, ரப்பர் செத்துப் போச்சு. கல்லு மாதிரி இருக்கு" என்றான்.

"ரப்பர் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?" என்று முதலாளி சிரித்தார். "ஒரு நாள்கூட ரோட்டுல ஓடாத டயரு. ஓடாதது எல்லாம் புதுசுதான்டா. நீ வேலையைப் பாரு."

ஸ்போக்கு வேலையைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடமாக அவனுக்குச் சோறு போட்ட இடம். இந்த ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்று நினைத்தான்.

அந்த வாரமே ஊசியக்கா கடைக்கு வந்தாள். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். வலிக்காமல் குத்துவாள் என்பதால் குழந்தைகள் வைத்த பெயர் அது. பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு ஆட்கள் வரிசையில் நின்றுவிடுவார்கள். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. தம்பி விட்டுப் போன மலைப்பாதை சைக்கிளில் பதினோரு கிலோமீட்டர் மிதித்துப் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணா, போய்ச் சேர்றதுக்குள்ள தொடை எரியுது. சத்தம் வேற, வண்டு கூட்டம் துரத்துற மாதிரி."

ஸ்போக்கு குனிந்து பார்த்தான். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்.

"மேடம், இது சேத்துலயும் கல்லுலயும் ஏறுற டயரு. நீங்க போறது தார் ரோடு. ஒவ்வொரு கட்டையும் ரோட்டுல அமுங்கி அமுங்கி எந்திரிக்கும். உங்க தெம்புல பாதியை அதுவே தின்னுடும். வழுவழுன்னு ஸ்லிக் டயர் போடுங்க. அகலம் ஒன்றரை இஞ்ச் போதும். உங்க ரிம்முக்குச் சரியா உட்காரும். காத்து கொஞ்சம் கூடுதலா அடிச்சா வண்டி பறக்கும்."

"மழையில வழுக்காதா?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான். தொழில் என்று வந்துவிட்டால் ஸ்போக்குக்கு உற்சாகம் வந்துவிடும்.

"நிறைய பேரு அப்படித்தான் நினைக்கிறாங்க. தண்ணி மேல மிதந்து வழுக்கிற அளவுக்கு நம்ம சைக்கிள் வேகமாப் போறதில்ல. தார் ரோட்டுல பிடிப்பைக் குடுக்கறது கட்டை இல்ல மேடம், ரப்பர். ரப்பர் மெத்துன்னு இருந்தா ரோட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். முதலாளி கல்லாவிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், அவனே உரசி மினுக்கிய டயர்கள் கொக்கியில் தொங்கின.

"இது புது சரக்குதானே அண்ணா?" என்றாள் ஊசியக்கா.

"ஆமா மேடம்."

இரண்டே வார்த்தை. தடுமாறாமல்தான் சொன்னான். அரை மணி நேரத்தில் இரண்டு சக்கரத்திலும் மாட்டிக் கொடுத்தான். அவள் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "அட, வண்டியா இது! தானா ஓடுது" என்று சின்னப் பெண்போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

மூன்று வாரம் வெயில் அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. மறந்துகூடப் போனான்.

நான்காவது வாரம் முதல் தூறல் விழுந்தது. மறுநாள் ஊசியக்காவின் கணவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹேண்டில் ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவில் விழுந்துவிட்டாள், வலது மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது என்றார்.

"பின்னாடியே ஒரு லாரி வந்திருக்கு. டிரைவர் எப்படியோ நிறுத்திட்டாரு" என்றார். "வழவழன்னு டயர் போடாத, வழுக்கும்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்கல. இதை நீங்களே எடுத்துக்கங்க. எங்க வீட்டுல இனிமே சைக்கிளே வேண்டாம்."

முதலாளி எழுந்து வந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"டயர்ல ஒரு குறையும் இல்ல சார். வளைவுல பிரேக்கை எப்படிப் பிடிக்கணும்னு ஒரு பழக்கம் இருக்குல்ல? என்னடா ஸ்போக்கு?"

ஸ்போக்கு வாயைத் திறந்தான். தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டயரைக் கழற்றும்போது கை நழுவியது. வீட்டில் யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது. மனைவி என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

இரண்டு வாரம் கழித்து மனைவிக்குத் தைராய்டு பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. அதிகாலையில் அவளை அதே பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனான். வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. உள்ளே புதிதாக வந்த பெண் ஒருத்தி வியர்த்து விறுவிறுத்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். நரம்பு தெரியாத ஒரு முதியவரின் கையில் மூன்று இடத்தில் குத்திவிட்டு நான்காவது இடம் தேடினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஊசியக்கா இருந்தா இந்தப் பாடு உண்டா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"அவங்க எங்க இனிமே வர்றது? கை பழைய மாதிரி வருமான்னே டாக்டர் சொல்லலையாம்" என்றாள் ஓர் அம்மாள். "நல்லாத்தான் இருந்தாங்க. இந்த வயசுல சைக்கிள் வேணும், அதுக்கு ஸ்டைலா டயர் வேணும்னு கிளம்பினா? தானே தேடிக்கிட்டது."

ஸ்போக்குக்குக் காது சுட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். எண்களை உரசி அழித்ததிலிருந்து தலையாட்டியது வரை குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்தான்.

"இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள் அவள். "சொல்ல வேண்டிய வீடு வேற இல்ல? என் டெஸ்ட்டை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

அவன் போய்ச் சேர்ந்தபோது ஊசியக்கா சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால் பேனா பிடித்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். எழுத்துகள் நண்டு ஊர்ந்ததுபோல் தாளெல்லாம் சிதறிக் கிடந்தன. கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்போக்கு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"ஸ்லிக் டயரும் தப்பு இல்ல, நீங்க ஓட்டினதும் தப்பு இல்ல மேடம். நல்ல டயரா இருந்தா அந்தத் தூறலுக்கு விழுந்திருக்க மாட்டீங்க. நான் போட்டது பத்து வருஷத்துக்கு முந்தின டயரு. இறுகிப் போன ரப்பர். தெரிஞ்சேதான் போட்டேன். தேதியை அழிச்சதும் நான்தான்."

கணவர் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "அன்னிக்குக் கடையில நின்னு தலையாட்டினியேடா! அந்த லாரிக்காரன் மட்டும் நிறுத்தலைன்னா..."

"விடுங்க" என்றாள் ஊசியக்கா. குரல் உயரவில்லை. "நீங்க மட்டும் என்ன? நான் விழுந்ததும் என்னைத்தானே திட்டினீங்க. ஊரே திட்டிச்சு. நானும் அதை நம்பிட்டேன். ரெண்டு வாரமா ராத்திரி பகலா இந்தக் கையைத்தான் குத்தம் சொல்லிக்கிட்டிருந்தேன், பிரேக்கைச் சரியாப் பிடிக்கலைன்னு."

கணவரின் பிடி தானாகத் தளர்ந்தது. அவள் ஸ்போக்கைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தாலும் பார்வை கூர்மையாக இருந்தது.

"இதே டயரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க?"

"உங்களைத் தவிர பதினேழு பேருக்கு."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"முதல்ல உங்ககிட்ட வந்து மன்னிப்பு..."

"என் மன்னிப்பை வச்சு என்ன பண்ணப்போறீங்க? வெளிய பாருங்க, மழை இறங்கப்போகுது. பதினேழு பேரு ரோட்டுல போய்க்கிட்டிருக்காங்க. கிளம்புங்க முதல்ல!"

ஸ்போக்கு ஓடினான். வேலைக்கு வந்த வண்டிகளை எழுதிவைக்கும் நோட்டு கடையில் இருந்தது. அதை எடுத்து நின்ற நிலையிலேயே ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட ஆரம்பித்தான். "சைக்கிள் கடையிலேர்ந்து பேசறேங்க. அந்த டயர் பழசு. மழையில வண்டியை எடுக்காதீங்க. தள்ளிக்கிட்டே வாங்க, கழட்டித் தர்றேன்."

மூன்றாவது ஆளிடம் பேசும்போது முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"உனக்குப் பைத்தியமா? உப்புத்தாள் பிடிச்ச கை உன்னோடது, ஞாபகம் வச்சுக்க. மாட்டினா நீயும்தான் மாட்டுவ."

"ஆமாங்க. அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

"இப்ப போனை வைக்கலைன்னா நாளைக்குக் கடைப் பக்கம் வராத."

"சரிங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு ஸ்போக்கு அடுத்த எண்ணை அழுத்தினான்.

அன்று மாலைக்குள் பன்னிரண்டு பேர் கடை வாசலில் கூடிவிட்டார்கள். முதலாளியால் அத்தனை பேர் வாயையும் அடைக்க முடியவில்லை. ஊசியக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டு நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதில் முதலாளியின் பெயரோடு ஸ்போக்கின் பெயரும் இருந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவன் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. மீதிச் சரக்கை முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். ஊசியக்காவின் கட்டு பிரித்தபோது மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. பயிற்சி செய்தால் சரியாகலாம் என்றார்கள். ஊசி பிடிக்கிற நிதானம் திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அவள் ஸ்போக்கை மன்னித்ததாகச் சொல்லவே இல்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

பதினேழு பேரில் ஒருவருடைய எண் மட்டும் நோட்டில் இல்லை. ஒரு கிடங்கின் காவலாளி என்பது மட்டும்தான் ஸ்போக்குக்கு ஞாபகம். ஸ்போக்கு இப்போது வேலை இல்லாத ஆள். நடப்பதற்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. போன் செய்த மறுநாளிலிருந்தே கிடங்கு கிடங்காக ஏறி இறங்கி ஐந்தாம் நாள் பகலில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அவரைக் கண்டுபிடித்தான். நனைந்துபோய் வந்து நின்றவனைக் காவலாளி தன் கூண்டுக்குள் இழுத்துத் துண்டு கொடுத்தார். கதையைக் கேட்டுவிட்டு, சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேப்பா. உனக்கும் வேலை போயிடுச்சுங்கற. அப்புறமும் எதுக்கு மழையில இப்படி அலையற? முதலாளி சொன்னாரு, நீ செஞ்ச. வியாபாரத்துல எல்லாரும் பண்றதுதானே?"

ஸ்போக்கு முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன். கடைக்கு வர்றவங்களுக்கு டயரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும்னு நம்பித்தான் வண்டியை என் கையில விட்டுட்டு நிக்கறாங்க. தெரிஞ்சவன் அதை மறைச்சுட்டா அதுக்கு வியாபாரம்னு பேரு வைக்கக் கூடாது. அது அவங்க உயிரோட நாம விளையாடுறது. முதலாளி சொன்னாருங்கறதுக்காக அந்தப் பாவத்துல என் பங்கு ஒரு துளிகூடக் குறையாதுங்க."