பதினோராம் நிலாவுக்கு ஒரு மறுப்பு

அன்று பூதப்பாண்டி வாசகசாலையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் சுயம்புலிங்கம். அவருடைய தம்பி பொன்னுலிங்கம், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. காரியதரிசி குமாரதாஸ், பள்ளிக்கூட வாத்தியார். மருந்துக்கடை யேசுரத்தினம். மிஷன் பள்ளி ஆசிரியை கிளாரா. கொல்லம் 1130, அதாவது 1954 ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

வாசகசாலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மதுரையிலிருந்து வரும் மாதப் பத்திரிகையில் ஒரே ஒரு பிரதிதான் வாங்குவார்கள். அதில் வரும் தொடர்கதையைக் குமாரதாஸ் உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். அதை அவர் ஒரு நீள நோட்டில் எழுதுவார். கீழே தலைவர் கையெழுத்துப் போடுவார். எழுதியது எதுவானாலும் ஒரு நகல் பத்திரிகைக்குத் தபாலில் போகும். நான்கு வருஷமாகப் பத்திரிகையும் அதை ‘பூதப்பாண்டி வாசகர்கள்’ என்று தலைப்புப் போட்டு அச்சிட்டு வந்தது. நாகர்கோவில்காரர்களுக்கே கிடைக்காத மரியாதை அது.

சுயம்புலிங்கம் ஒருநாளும் அபிப்பிராயம் சொன்னதில்லை. கதை என்பது வேலையற்றவர்களின் வேலை என்பது அவர் எண்ணம். ஆனால் தன் பெயர் மதுரையில் அச்சாவது வேறு விஷயம். அதற்காக அவர் அங்கவஸ்திரம் மடிப்புக் கலையாமல் சனிக்கிழமை தவறாது வந்து உட்கார்ந்தார்.

கதையின் பெயர் ‘பதினோராம் நிலா’. வானளந்தான் என்ற புனைபெயரில் யாரோ எழுதி வந்தார். முதல் பாகத்தில் பூமியிலிருந்து ஒருவன் வியாழ கிரகத்தின் பதினோராவது நிலாவுக்குப் போகிறான். இரண்டாம் பாகத்தில் திரும்ப வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறான். மூன்றாம் பாகத்தில் அந்த நிலாவின் ஜனங்கள், தாங்கள் பேசுவது சனி கிரகத்தின் பாஷை, ஆகவே தங்களைச் சனியோடு சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். முதல் இரண்டு பாகங்களைப் பத்திரிகையிலிருந்து பிரித்துத் தைத்து அட்டை போட்டு வைத்திருந்தார்கள். அட்டை மூன்று முறை கிழிந்து மூன்று முறை மாற்றியாகிவிட்டது.

அந்த மாத அத்தியாயத்தைப் படித்து முடித்துக் குமாரதாஸ் தண்ணீர் குடித்தார். யேசுரத்தினம் தொடங்கினார்.

“முதல் பாகத்துக்குப் பக்கத்தில நிக்காதுவே இது. அதில அவன் போற வண்டி, அதுக்க சூடு, எல்லாம் கணக்காட்டு இருந்து. இதில ஊர்வலமும் கோஷமும்தான். அதுவும் சனியோட சேரணும்னு போராடுத ஆளை நான் இப்பத்தான் பாக்கேன். எல்லாவனும் சனி விலகணும்னுல்லா வேண்டிக்கிடுவான்?”

கிளாரா சிரித்துவிட்டாள். குமாரதாஸ் சிரிக்கவில்லை.

“ஓய், ஒமக்கு வெளங்கல்லியா? பதினோராம் நிலாங்கது நம்ம நாஞ்சில் நாடு. வியாழம் திருவனந்தபுரம். சனி மெட்ராஸ். நாம தமிழ் பேசுதோம், நம்மள அங்க சேருங்கோன்னு நாம கேக்கல்லியா? அதையேதான் எழுதுதாரு. போன ஆடி மாசம் ஊர்வலத்தில போலீஸ் குண்டு பட்டு ஆளு செத்த பெறகும் இத எழுதுதான்னா, அவன் ஆம்பள!”

“எல்லாம் ஊர்வலம் இல்ல சாரே,” என்றாள் கிளாரா. “எனக்கு ரெண்டாம் பாகம்தான் கதை. ராத்திரி ஆச்சுன்னா பூமி எங்க இருக்குன்னு தேடுவான் பாருங்கோ, ஒரு பொட்டு வெளிச்சம், அதுவும் மறைஞ்சு போவும். அத எழுதின மனுஷனுக்கு வீட்டுக்குள்ளேயே பேச்சுத்துணை கிடையாது. அதுதான் என் அபிப்பிராயம். எழுதிக்கிடுங்கோ.”

பொன்னுலிங்கம் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வழக்கமாக ‘நன்று’ என்று ஒரு சொல்லோடு நிறுத்துகிறவர், அன்று தானாக வாய் திறந்தார். “அவரு நாஞ்சில் நாட்ட நெனச்சு எழுதியிருக்க மாட்டாரு வாத்தியாரே. ஒரு நிலா ரெண்டு கிரகத்துக்க இழுப்புல மாட்டினா என்னாவும்னு கணக்குப் போட்டுப் பாத்திருப்பாரு. ஜனங்க அதுக்குப் பெறகு வந்தவங்களாட்டு இருக்கும்.”

“ஒமக்கு எப்படித் தெரியும்?” என்று குமாரதாஸ் மடக்கினார்.

அதற்குள் யேசுரத்தினம் பத்திரிகையை இழுத்துப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். “நில்லும் ஓய். இந்த எடம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. ‘நீண்ட இருட்டு முடிந்து வெளிச்சம் வரும் நாளில், குடும்பத்தின் மூத்தவர் வலது காலை நிலத்தில் ஊன்றி நிற்பார். வெளிச்சம் மூன்றாம் வயலில் ஏறும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.’ அண்ணாச்சி, இது உங்க வீட்டு வழக்கம்லா?”

சுயம்புலிங்கத்தின் காது சூடேறியது.

அவர்கள் வீட்டு வழக்கந்தான். வருஷத்தின் முதல் போகமான கன்னிப்பூ சாகுபடிக்குக் குளத்து மடை திறக்கும் நாளில், குடும்பத்து மூத்தவன் காய்ந்த வாய்க்காலில் வலது காலை ஊன்றி நிற்பான். தண்ணீர் மூன்றாம் வயலில் ஏறும்வரை குடும்பத்தில் யாரும் பேசக்கூடாது. அந்த வட்டாரத்தில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. அவருடைய தகப்பனார் நின்றார். அதற்கு முன் அவருடைய தகப்பனார். முப்பது வருஷமாக இவர் நிற்கிறார். பத்திரிகையில் அடுத்த வரி என்ன என்பதும் அவருக்கு நினைவிருந்தது. சற்றுமுன்தான் குமாரதாஸ் படித்தார். ‘அதைப் பார்த்த பூமிக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.’

தம்பியைப் பார்த்தார். பொன்னுலிங்கம் வேட்டிக் கரையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் திருடிய மாங்காயை மடியில் வைத்துக்கொண்டு நின்றதும் இப்படித்தான்.

“அப்போ நம்ம பொன்னுலிங்கமா!” குமாரதாஸ் எழுந்துவிட்டார். “என் தெய்வமே! நாலு வருஷம் பக்கத்தில இருந்து ‘நன்று, நன்று’ன்னு சொல்லி எங்கள முட்டாளாக்கினீரா? இத நான் எழுதப்போறேன். வானளந்தான் எங்க ஊர்க்காரர்னு மதுரைக்கு எழுதப்போறேன்!”

“சொல்லுங்கோ சார்,” என்றாள் கிளாரா. அவள் குரல் தணிந்திருந்தது. “நீங்கதானா?”

பொன்னுலிங்கத்தின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைச் சுயம்புலிங்கம் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி இருந்ததில்லை. வாய் திறந்துவிட்டான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் சொல்லியிருப்பான்.

“குமாரதாஸ், உக்காரும்,” என்றார் சுயம்புலிங்கம். “நோட்டை எடும். நான் சொல்லுதேன், எழுதும்.”

தலைவர் அபிப்பிராயம் சொல்வது அதுதான் முதல் தடவை. குமாரதாஸ் உட்கார்ந்தார்.

“எங்க குடும்பத்தில கதை எழுதுகிறவர் யாரும் இல்லை. இந்தக் கதைக்கும் எங்க வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வழக்கத்த எவனோ வேலியோரம் நின்னு பாத்து எழுதியிருக்கான். எழுதியாச்சா? நான் கையெழுத்துப் போடுதேன். தம்பியும் போடுவான்.”

“அண்ணே,” என்றார் பொன்னுலிங்கம்.

“நீ அரசாங்கச் சம்பளம் வாங்குதவன். போலீஸ்காரன் வீடு வீடாட்டு ஏறி இறங்குத காலம் இது. கையெழுத்துப் போடு.”

சொன்ன காரணம் உண்மைதான். மெட்ராசோடு சேரக் கேட்கிற இணைப்புக் கட்சிக்காரன் என்று ஒரு சொல் மேலே போனால் வேலை நிலைக்காது. ஆனால் சுயம்புலிங்கத்தின் நெஞ்சில் அப்போது வேலை இல்லை, போலீஸ் இல்லை. அந்தச் சிரிப்புத்தான் இருந்தது. முப்பது வருஷம் வாய்க்காலில் நின்றபோது, பின்னால் நின்ற தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றானா?

பொன்னுலிங்கம் கையெழுத்துப் போட்டார். அலுவலகத்தில் போடுகிற அதே அழகான கையெழுத்து. கிளாரா தன் குடையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

வழக்கப்படி நகல் போயிற்று. அடுத்த மாதம் பத்திரிகை அதை முழுதாக அச்சிட்டது. வானளந்தான் யாரென்று ஆசிரியருக்கும் தெரியாது. நாகர்கோவில் தபாலாபீசுக்குப் போய் அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களை யாரோ வாங்கிப் போவார்கள், அவ்வளவுதான். அதற்கடுத்த மாதம் கதை வரவில்லை. பிறகு வரவே இல்லை. முடிய இரண்டு அத்தியாயம் பாக்கி. பல ஊர் வாசகர்களும் எழுதி எழுதிக் கேட்டார்கள். பொன்னுலிங்கம் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்து, சாப்பிட்டு, படுத்தார். தம்பியின் மேசையில் காகிதம் இல்லாததைச் சுயம்புலிங்கம் கவனித்தார். நல்லதாயிற்று என்று நினைத்தார்.

1956 நவம்பரில் நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதே சமயத்தில் பத்திரிகைக்காரர்கள் மூன்று பாகத்தையும் புத்தகமாகப் போட்டார்கள். பாக்கி இரண்டு அத்தியாயத்தையும் தங்கள் ஆள் ஒருவரை வைத்து எழுதிக்கொண்டார்கள். அதில் நிலா, மேளதாளத்தோடு சனியில் போய்ச் சேர்ந்தது. ஜனங்களுக்கு அது பிடித்தது. இணைப்பை முன்கூட்டியே கண்டு எழுதிய தீர்க்கதரிசி என்றார்கள். கிளாரா மட்டும் நோட்டில் தன் கையாலேயே எழுதினாள்: “கடைசி இரண்டு அத்தியாயத்தை எழுதியவருக்கு அந்த நிலாவைத் தெரியாது.”

வானளந்தான் பூதப்பாண்டிக்காரர் என்பது அந்த மறுப்பு அச்சானதிலிருந்தே பரவியிருந்தது. தங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை என்று சுயம்புலிங்கத்தின் கையெழுத்தோடு அச்சாகியிருந்தது. அப்படியானால் மாதாமாதம் மதுரைக்கு எழுதிப் போடுகிற குமாரதாஸ்தான் என்று ஊர் முடிவு கட்டியது. முதலில் அவர் “நானா?” என்று சிரித்தார். பிறகு “யாரு எழுதினா என்ன?” என்றார். அதற்கும் பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

மார்கழியில் நாகர்கோவிலில் பாராட்டுக் கூட்டம். மாலை போட வேண்டியவர் வாசகசாலைத் தலைவர். அன்று காலையில் பொன்னுலிங்கம் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, இப்போ போலீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்லலாமா?”

“கையெழுத்துப் போட்டாச்சு.”

“நீங்க சொல்லிப் போட்டது அது.”

“நம்ம வீட்டுக் கையெழுத்து ரெண்டும் பொய்னு நாகர்கோவில்ல மேடை போட்டுச் சொல்லணுமா? தகப்பனாருக்கப் பேரு என்னாவும்?”

“சிரிச்சது அந்தப் பூமிக்காரன்தாம்ணே,” என்றார் பொன்னுலிங்கம். “அடுத்த அத்தியாயத்தில அவனும் கால ஊணி நிப்பான். வாய் தெறக்காம நிப்பான். அதுதான் கதை. அத நீங்க எழுத விடல்ல.”

சுயம்புலிங்கம் எழுந்தார். அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டார். சாயங்காலம் குமாரதாசுக்கு மாலை போட்டார். கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் பொன்னுலிங்கமும் கைதட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டிக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் பொன்னுலிங்கம் தன் மனைவி சொர்ணம்மாளோடு நாகர்கோவிலில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் கன்னிப்பூவுக்கு மடை திறந்தபோது வரவில்லை.

வயல் பாகத்தகராறில் அண்ணன் தம்பி பிரிந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. வயல் இன்றுவரை பாகம் வைக்கப்படவில்லை. அதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு பேச்சும் வந்ததில்லை. பொன்னுலிங்கம் போனது கதையினால்.